ஊட்டிக்குப் போகல்ல, மாத்தூருக்குப் போனோம்



போன வருஷம் நம்ம வகுப்பில் மூணு நாள் டூருக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். ஊட்டி, கொடைக்கானல். தலைக்கு 4,800 ரூபாய். நான் பெயர் கொடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்க அப்பா கொத்தனார். மழை பெய்தால் வேலை கிடையாது. அந்த மாசம் நல்ல மழை. இதை அப்போது சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது ஆண்டு மலரிலேயே எழுதுகிறேன். எழுதக் காரணம் இருக்கிறது.

டூர் போனவர்கள் திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசினார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நாம எங்கயாவது டூர் போயிருக்கமா?" என்று கேட்டேன். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு மொட்டை போட்டதுக்குப் போனமே!" என்றாள். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தின் பயண வரலாறு. கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, மொட்டை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதானே? சும்மா பார்ப்பதற்காகப் போவது என்பது பைசா உள்ளவன் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பு தப்பு என்பதுதான் என் வாதம்.

நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டிலேயே சின்ன மாவட்டங்களில் ஒன்று. ஆனால் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் மலை, அருவி, அணை, கோட்டை, அரண்மனை, கடல் எல்லாம் வந்துவிடுகிறது. வெளியூர்க்காரன் ஆயிரக்கணக்கில் செலவு செய்து வந்து பார்க்கிறான். நாம் பக்கத்திலேயே பிறந்து, அதைத் தாண்டிப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறோம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மாத்தூர் தொட்டிப்பாலம் போகலாம் என்றேன். "அங்க என்னல இருக்கு பாக்கதுக்கு? வெள்ளம் போற பாலம், அவ்வளவுதானே" என்றார். ஆனால் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி சட்டென்று நிமிர்ந்து, "உங்க பாட்டா அங்க வேல செஞ்சிருக்கு, கேட்டியா? ஆறு மாசம் சாந்துச்சட்டி சுமந்துது" என்றாள். அப்பாவுக்கே இது தெரியாது. பாட்டா செத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது. கட்டின பாலம் அரை நாள் தூரம்கூட இல்லை. அவர் மகன் ஒருநாள்கூட அதைப் போய்ப் பார்த்ததில்லை.

கிளம்பிவிட்டோம். அப்பா, அம்மா, ஆச்சி, பிளஸ் ஒன் படிக்கிற தங்கச்சி, நான். அம்மா விடியற்காலம் எழுந்து புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டினாள். அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு தூக்குவாளி. தக்கலை போய், அங்கிருந்து திருவட்டாறு பஸ். 2021-இல் டவுண் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு டிக்கெட்டே இல்லை. மிச்சம் அப்பாவும் நானும்தான். "ரெண்டு பேரு டிக்கெட்டில அஞ்சு பேரு டூர்!" என்று தங்கச்சி பஸ்ஸுக்குள்ளேயே கணக்குப் போட்டாள்.

மாத்தூர் பற்றிச் சிவில் பிரிவு நண்பர்களுக்காவது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பறளியாற்றின் குறுக்கே ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு வாய்க்கால் வெள்ளத்தைக் கடத்துகிற பாலம் அது. நீளம் 1,240 அடி. உயரம் 115 அடி. அதாவது பத்து மாடிக் கட்டடத்துக்கும் மேல். 28 தூண்கள். தொட்டி ஏழு அடி ஆழம், ஏழரை அடி அகலம். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வறண்டு கிடந்த நிலத்துக்கு வெள்ளம் கொண்டுபோகக் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திட்டம் போட்டு, 1966-இல் முடித்தார்கள். செலவு சுமார் 13 லட்சம் ரூபாய். இன்று அந்தத் தொகைக்கு ஒரு நல்ல வீடு கட்ட முடியுமா?

மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. ஒரு தலையிலிருந்து மறு தலைக்குக் கொடுத்திருக்கிற சின்னச் சரிவில் வெள்ளம் தானே ஓடுகிறது. ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தில் படம் போட்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. புத்தகத்தில் அரைப் பக்கம். நேரில் நின்றால் முட்டு நடுங்குகிறது. தொட்டியின் மேல்பக்கம் பாதிக்குச் சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதில்தான் நடக்க வேண்டும். மூடாத பக்கம் காலடியிலேயே வெள்ளம் ஓடுவது தெரியும். இருபக்கமும் ரப்பர், தென்னை. கீழே ஆறு ஒரு நாடா மாதிரி. சாகசம் வேண்டும், திரில் வேண்டும் என்கிறவர்கள் நடுப்பாலத்தில் நின்று காற்றடிக்கும்போது கீழே எட்டிப் பாருங்கள். அம்மா பாதித் தூரம் கண்ணை மூடிக்கொண்டே என் கையைப் பிடித்து நடந்தாள். ஆச்சி நடக்கவில்லை, ஓடினாள் என்றே சொல்லலாம்! முட்டுவலி எங்கே போனதோ.

அப்பாதான் அதிசயம். ஒற்றைக் கண்ணை மூடி, தூண் வரிசையை ரசமட்டம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கீழே இறங்கி ஒரு தூணைத் தட்டினார். "இம்புட்டு உயரத்துக்குச் சாரம் எப்பிடில கெட்டினானுவ?" என்றார். நான் படித்ததைச் சொன்னேன். அவர் செய்ததைச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். எங்க அப்பாவும் நானும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து நான் பேசுவது அவருக்குப் புரியாது என்று நானும், தன் பேச்சு எனக்கு இனி வேண்டாம் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆச்சி மட்டும் ஒரு தூணடியில் உட்கார்ந்து, "இதில எந்தத் தூணோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். 2022 ஜூலையில் 418 ஆண்டுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்ததே, அந்தக் கோயில். பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்று வாசல் வழியாகத்தான் முழு உருவமும் பார்க்க முடியும். ஆச்சி ஒரு விஷயம் சொன்னாள். அவள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆட்கள் கோயில் பக்கமே போக முடியாதாம். திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். அதற்கு முன் நம்மில் பலருடைய முன்னோருக்கு இந்த வாசல் கிடையாது. இதையும் சேர்த்துத்தானே வரலாறு? ராஜா எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்பது மட்டுமா?

அன்றைய மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன். பஸ், திருவட்டாற்றிலிருந்து ஆச்சிக்காகப் பிடித்த ஆட்டோ, டீ, வடை, அன்னாசிப் பழம், சர்பத், சில்லறை எல்லாம் சேர்த்து 520 ரூபாய். ஐந்து பேருக்கு!

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பழகிவிட்டது. இரண்டாவது பயணம் சிதறால். மார்த்தாண்டம் வழியாகப் போனோம். 1954 ஆகஸ்ட் 11-இல் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் மார்த்தாண்டம். புதுக்கடையிலும் அதே நாள். 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது சும்மா வந்ததல்ல என்று பஸ்ஸில் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

சிதறால் மலையில் ஏறுவதற்குக் கல் பாவிய பாதை இருக்கிறது. மெதுவாக ஏறினால் வயசானவர்களும் ஏறலாம். நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க நிழல் உண்டு. மேலே பெரும்பாறை ஒன்றன்மேல் ஒன்று கவிந்து குகை மாதிரி. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் தங்கிப் படித்த, படிப்பித்த இடம். பிறகு பகவதி கோயில் ஆயிற்று. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. குணந்தாங்கி குரத்தி என்ற பெண் துறவி பொன்னணி கொடுத்த செய்தி அதில் உண்டு. குரத்தி என்றால் குருவுக்குப் பெண்பால். டீச்சர்!

இதை நான் சொன்னதும் தங்கச்சி, "அந்தக் காலத்துலயே லேடி டீச்சரா?" என்று துள்ளினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிறகு கேட்டாள், "அப்பம் நம்ம பாட்டிமாருக்கு மட்டும் ஏன் எழுத்து வரல்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த செமஸ்டரிலும் இந்தக் கேள்வி வரவில்லை. அந்தக் கேள்வி ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் வந்திருக்காது என்று மட்டும் தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் வரிசையில் போயிருப்போம். வாத்தியார் பிரம்போடு பின்னால் வர, ஓடியே பார்த்து முடித்திருப்போம். இன்னொரு தடவை போங்கள், அப்பா அம்மாவோடு. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். நிற்பது நம்ம மாவட்டத்தில், பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கறுப்புத் தரையைத் தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். எங்க அப்பா குனிந்து பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கூலிக்குச் செஞ்ச கை இல்ல... இல்ல, கூலிக்குத்தான் செஞ்சிருப்பான், பாவம்" என்றார். மெக்கானிக்கல் நண்பர்கள் எடைக்கல்லில் ஓடும் பழைய கடிகாரத்தைப் பார்க்கலாம். பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாய், பிறகு இந்த நாட்டுப் படைக்கே பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தான் ஆகி, 1777-இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு.

இளவட்டங்களுக்கு ஏறுவதற்கு மருந்துவாழ்மலை இருக்கிறது. நாராயண குரு தவமிருந்ததாகச் சொல்லும் குகை அங்கே. விடியும் முன்பே ஏறத் தொடங்கிவிடுங்கள், குடிக்க வெள்ளம் கையில் வேண்டும். மேலே போனால் கடல் தெரியும்.

சில தோழர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். "அப்பா அம்மாவோட போனா அது டூராடே?" என்று ஒருத்தன் கேட்டே விட்டான். நாலு பைக்கில் எட்டுப் பேர் திற்பரப்புக்குப் போவது அவனுக்கு டூர். போங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மேலே மழை பெய்தாலோ, அணையில் வெள்ளம் திறந்தாலோ அருவி நிமிஷத்தில் மாறிவிடும். குளிக்கத் தடை போட்டிருந்தால் அது விளையாட்டுக்கு அல்ல. செல்பிக்காகப் பாறையில் ஏறி வழுக்கி விழுந்தவன் வீட்டுக்கும் கொத்தனார் ஒருத்தர்தான் அப்பாவாக இருப்பார். ஆச்சி கூட வந்தால் நாம் அந்தப் பாறையில் ஏற மாட்டோம், அது நிச்சயம்.

குறை இல்லையா? நிறைய. நாங்கள் போன இடங்களில் ஒன்றில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாவும் தங்கச்சியும் பக்கத்து வீடு ஒன்றில் கேட்டுப் போனார்கள். இன்னோரிடத்தில் மாலை பஸ் வரவே இல்லை, ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஏழை வீட்டுப் பெண்கள் வெளியே கிளம்பாததற்குப் பைசா மட்டும் காரணமில்லை, இந்தப் பூட்டும் காரணம்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை. அடுத்த வருஷமும் டூர் போடுங்கள். கூடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் வீட்டாரோடு போகிற குடும்பப் பயணமும் போடுங்கள். கட்டுச்சோறு, டவுண் பஸ். பாலத்தைச் சிவில்காரன் விளக்கட்டும், கடிகாரத்தை மெக்கானிக்கல்காரன் விளக்கட்டும், மோட்டார் இல்லாத இடத்தில் எலெக்ட்ரிக்கல்காரன் சோற்றுப் பொதியைச் சுமக்கட்டும். நமக்குப் பீஸ் கட்டியவர்களுக்கு நாம் என்ன படிக்கிறோம் என்று காட்ட இதைவிட வேறு வகுப்பறை உண்டா? பஸ் நேரங்களையும் கழிப்பறை உள்ள இடங்களையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கேட்டு எழுதும் வேலையை நான் செய்கிறேன்.

ஆச்சி இப்போது வட்டக்கோட்டை என்கிறாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற கோட்டையாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து வரும் தோழர்கள் யாராவது, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

— இரண்டாமாண்டு, சிவில் பிரிவு