பதிவேட்டில் இல்லாத கையொப்பம்

மதம் தனிமனித விவகாரம், அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் இன்னமும் எழுதி வருகிறார்கள். அவர்களுக்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி, கொவிட் தொற்றினால் மரணித்த அனைவரையும் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில், பிறந்து இருபது நாட்களேயான ஒரு பாலகனின் ஜனாஸாவைப் பெற்றோரின் சம்மதமின்றியே எரித்தார்கள். ஜனாஸாவை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? அதற்கு ஆறடி மண் வேண்டும். குளிப்பாட்டவும் தொழுவிக்கவும் தோளில் சுமக்கவும் ஊர் வேண்டும். ஈமான் நெஞ்சுக்குள் இருக்கலாம், மையவாடி ஊருக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஆகவே, பொதுவெளியில் நின்று கேட்டோம். எப்படிக் கேட்டோம் என்பதுதான் இங்கு முக்கியம். “எங்கள் கிதாபில் இருக்கிறது, வாய்மூடித் தாருங்கள்” என்று நாம் கேட்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலைக் காட்டினோம். அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளைக் காட்டி உயர் நீதிமன்றப் படியேறினோம். பொரளைக் கனத்தை வேலியில் கபன் துணியின் அடையாளமாக வெள்ளைத் துணி கட்டியவர்களுள் நமது கலிமாவைச் சொல்லாதவர்களும் இருந்தனர். நமது நியாயம் அவர்களுக்கும் விளங்கிய நியாயமாக இருந்தது. 2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரவும் தீர்மானித்தது.

இவ்வளவும் செய்த அதே நாம், முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் என்ற பேச்சு எழுந்ததும் வேறு மனிதர்களாகி விடுகிறோம். “ஷரீஅத்தில் கைவைக்காதே” என்கிறோம். எந்த ஷரீஅத்? இது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். நாடாளுமன்றம் இயற்றியது. அதற்கு முன்னோடி 1929ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். அதற்கும் முன்னோடி, ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்து 1806ஆம் ஆண்டுக் கோவை. காதிகளை நியமிப்பது அரச நிறுவனம். பதிவேட்டை அச்சிடுவது அரசாங்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலச் சட்ட வாசகத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல் குந்திக்கொண்டிருக்கிறது: கைக்கூலி. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் தொகை. மார்க்கம் ஆண் மீது மஹரைக் கடமையாக்கியது. நாமோ பெண்ணைப் பெற்றவனிடம் வாங்கிக்கொண்டு, அதைப் பதிவு செய்யவும், பிணக்கு வந்தால் காதியிடம் வழக்காடவும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறோம். வெள்ளிமேடைகளில் சீதனத்தைச் சாடும் மௌலவிமார், அதே சீதனம் சட்டத்தில் இருப்பதை எந்த ஆயத்தைக் கொண்டு இறை சட்டம் என்பார்கள்?

நான் ஒரு கிராமப் பாடசாலை வாத்தியார். ஒரு மாணவி எத்தனை இடங்களில் கையொப்பமிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் இடுகிறாள். தேசிய அடையாள அட்டைப் படிவத்தில் இடுகிறாள். பிறகு வங்கிப் புத்தகத்திலும், சமுர்த்திக் காரியாலயத்திலும். அவளது வாழ்நாளின் மிகப் பெரிய ஒப்பந்தத்தில் மாத்திரம் 1951ஆம் ஆண்டுச் சட்டம் அவளது ஒப்பத்தைக் கேட்கவில்லை. மணமகன் இடுகிறான், வொலி இடுகிறார், நிகாஹ்வை நடாத்தி வைத்தவர் இடுகிறார். பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியெனில் காதியின் அனுமதி வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்கிறது; நிரம்பிவிட்டால் அதுவும் வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது என்பது எனக்கு ஏழாம் வகுப்பு. பின்னப் பெருக்கலில் தடுமாறுகிற பிள்ளை.

“அவளிடம் வொலி கேட்டிருப்பார்தானே” என்பார்கள். கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணி, விருப்பமின்றித் தன்னைத் தந்தை மணமுடித்துக் கொடுத்ததாக நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அந்த மணத்தை நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். புஹாரியில் பதிவான செய்தி இது. மதீனாவில் ஒரு பெண்ணின் சொல் தந்தையின் சொல்லை வென்றிருக்கிறது. நமது பதிவேட்டில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. பெண் ஒப்பமிடக் கூடாதென எந்த மத்ஹபும் சொல்லவில்லையே.

சட்டத்தை எதிர்த்து அவள் உயர் நீதிமன்றம் போகலாமா என்றால் அங்கேயும் அடைப்பு. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுப்பதால் நாம் இரண்டாந்தரப் பிரஜைகளாகிறோம் என்று மேடைதோறும் பேசுகிறோம். 16ஆம் உறுப்புரையின் நிழலில் நமது பெண்களை நாமே எத்தனையாந்தரத்தில் வைத்திருக்கிறோம்?

எதிர்வாதம் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். காலம் சரியில்லை, இப்போது வாய் திறந்தால் இனவாதிக்கு வாய்ப்பாகிவிடும் என்பது. 2021 ஒக்டோபரில் “ஒரே நாடு ஒரே சட்டம்” செயலணிக்கு ஞானசார தேரர் தலைவரானதைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் காலம் சரியாக இருந்தபோது என்ன செய்தோம்? 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை கைக்கு வந்தது 2018 ஜனவரியில், அதுவும் இரு கூறாகப் பிரிந்து. அந்த ஒன்பது ஆண்டுகளில் யாரும் நமது கையைப் பிடித்திருக்கவில்லை. நாம் திருத்தாமல் விட்ட வீட்டைத் திருத்துகிறேன் என்று அவர் சம்மட்டியோடு வந்தார். திறந்து கிடந்த கதவு யாருடையது?

இது இலக்கியச் சஞ்சிகை. சட்டம் பேச இடமா என்று கேட்கக் கூடும். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கிய சித்திலெப்பையின் வழியில் வந்தோம் என்று விழா எடுக்கிற நாம் அப்படிக் கேட்கலாகாது. ஜனாஸா எரிப்பைப் பற்றி நம்மில் கவிதை எழுதாதவர் குறைவு. நானும் எழுதினேன், நல்ல கவிதைகளும் வந்தன. தாபரிப்புக் காசுக்காகக் கைக்குழந்தையோடு காதியார் வீட்டு விறாந்தையில் லுஹர் வரை குந்தியிருந்து, அடுத்த தவணைக்குத் திகதி வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்ணைப் பற்றி அடுத்த இதழுக்கு யார் கதை அனுப்பப் போகிறீர்கள்?