தாயர் நினைவே அளவுகோல்

வறிய நாடுகள் முன்னேறுவது எதனால் என்று வினவின், கல்வியால் என்று விடைபகர என் போன்ற ஆசிரியர் முந்துவர். எத்தகைய கல்வியால் என்பதை நாம் ஆராய்வதில்லை. வங்காளதேச வரலாறு அதனை நமக்கு உணர்த்துகின்றது.

1970ஆம் ஆண்டுப் புயலாலும் 1971ஆம் ஆண்டுப் போராலும் சிதைந்த நிலையிற் பிறந்த நாடு அது. அங்கே வயிற்றோட்டத்தாற் குழந்தைகள் பெருந்தொகையினராய் மாண்டனர். உப்பும் இனிப்பும் கலந்த நீரைப் பருகுவித்து உயிர் காக்கலாம் என்பதை 1968இல் டாக்காவில் நிகழ்ந்த வாந்திபேதி ஆய்வு காட்டியிருந்தது. மருந்து இருந்தது, தாயரிடம் அது சேரவில்லை.

1980 முதல் 1990 வரை, பிராக் நிறுவனத்தின் பெண் பணியாளர் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்குச் சென்றனர். மூவிரலாற் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச்சேர் நீர் என்னும் அளவினைத் தாயர் கையாலேயே கலக்கச்செய்து கற்பித்தனர். சென்ற வீடுகளை எண்ணி அவர்க்கு ஊதியம் வழங்கப்படவில்லை. பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாயர் நினைவில் எவ்வளவு நிற்கின்றது என வினவுவார், அதற்கேற்பவே ஊதியம்.

அந்நாட்டிற் குழந்தை மரணம் குறைந்தமைக்குக் காரணங்கள் பல. இஃதும் அவற்றுள் ஒன்று.

முப்பது ஆண்டுகளாக இலக்கணம் கற்பிக்கின்றேன். மாணாக்கர் நினைவில் நின்றதை அளந்து எனக்குச் சம்பளம் தந்திருப்பின், யான் பெற்றிருக்கக்கூடியது எவ்வளவு என எண்ணி நாணுகின்றேன். முடித்த பாடத்தையே ஒரு மாதம் கழித்து மீண்டும் வினவும் வழக்கத்தை இப்பொழுது மேற்கொண்டுள்ளேன். ஆசிரிய அன்பர்களும் செய்து பார்ப்பாராக.