பிழைத்தவரிடம் எதைக் கேட்கிறோம்?

பொதுச் சுகாதாரத் துறையில் ஆய்வு செய்யும் தோழி ஒருவர், அண்மையில் வினாப்படிவங்கள் இரண்டின் தமிழ் வரைவுகளை என்னிடம் தந்தார். இளவயதில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று மீண்டவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது அவர் நோக்கம். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம் வட்டத்திலும் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு அவை விளங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மொழியியல் படித்தவர்களைத் தேடிவரும் வழக்கமான பணிதான். நம்மை எழுத்துப்பிழை பார்ப்பவர்கள் என்றே பிற துறையினர் கருதுகின்றனர்.

ஆனால் முதல் வினாவிலேயே நான் நின்றுவிட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் 26 வினாக்கள் கொண்ட சுருக்கப் படிவம், ஒருவர் தம் வாழ்க்கைத் தரத்தைத் தாமே மதிப்பிடுமாறு கேட்டுத்தான் தொடங்குகிறது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவ்வினாவை 22 வயது இளைஞர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். 9 வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டவர். சிகிச்சை முடிந்து 10 ஆண்டுகள் ஆகின்றன. "லயத்துலதான் இருக்கோம். அம்மா வேலைல இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும். நடுத்தரம்னு போட்டுக்கங்க அக்கா" என்றார். அவர் விடையில் நோயும் இல்லை, உடலும் இல்லை. தமிழில் 'வாழ்க்கைத் தரம்' என்றால் வீடு, வருமானம், வசதி. ஆய்வாளர் கருதும் பொருளோ, ஒருவர் தம் வாழ்வைத் தாமே உணரும் விதம். இரண்டு கருத்துகளுக்கும் நாம் ஒரே தொடரை வழங்கிவருகிறோம். அவர் வீட்டுக்கு இட்ட மதிப்பெண், அட்டவணையில் அவர் நலத்துக்கான மதிப்பெண்ணாக ஏறியிருக்கும்.

மீள்மொழிபெயர்ப்பு இதைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். கண்டுபிடிக்காது. தமிழ் வரைவை மீண்டும் ஆங்கிலமாக்குபவர் இருமொழி அறிந்த படிப்பாளி. அவர் மூலத் தொடரையே பிழையின்றித் திரும்பத் தருவார். இந்தச் சோதனையில் தேறுவது மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் மட்டுமே.

தமிழில் கருவியே இல்லை என்று குறை கூறவும் இடமில்லை. 1990களில் உலக சுகாதார நிறுவனம் இவ்வளவையைப் பல நாடுகளில் 15 மையங்களின் வழியே உருவாக்கியபோது சென்னையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. சென்னையில் தேறிய சொல் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் அதே பொருளைத் தரும் என்று நாமாகக் கொண்டதே சிக்கல். ஜேம்ஸ் வார்னி குழந்தைகளுக்கென வகுத்த 23 வினாக் கருவியில், அமெரிக்க நகரத் தெருவின் ஒரு 'பிளாக்' தூரத்துக்கு மேல் நடப்பது கடினமா என்றொரு வினா உண்டு. வரைவில் அது 'ஒரு தெருத் தூரம்' ஆகியிருந்தது. சித்தூரின் சமவெளிக்கு ஒருவாறு பொருந்தலாம். தேயிலைச் சரிவில் தெரு ஏது? வின்கிரிஸ்டின் மருந்தால் பாதத்தில் உணர்வு மங்கிய பிள்ளைக்குத் தூரம் ஒரு பொருட்டன்று, இறக்கம்தான் இடர். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருப்பதாக அந்த இளைஞர் சொன்னார். அதைக் கேட்கும் வினா படிவத்தில் இல்லை. படிவத்தை மூடிவைத்து, "உடம்பு சரியானப்புறம் எப்படிப் போகுது?" என்று கேட்டபோதுதான் அவர் பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரம் பேசினார்.

இவர்களை எப்பெயரால் அழைப்பது என்பதும் எளிதன்று. மலையாளத்தின் 'அதிஜீவித' என்ற சொல், 2017க்குப் பின் நாளிதழ்கள் வழியாகப் பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்ணைக் குறிப்பதாகவே பெரிதும் நிலைத்துவிட்டது. மலையாளச் செய்தி கேட்டு வளர்ந்த தமிழ்ப் பெண்ணிடம் அச்சொல் தாங்கிய படிவத்தை நீட்டினால் அவள் திடுக்கிடுவாள். தமிழின் 'பிழைத்தவர்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் எல்லைப் பகுதியில் அதற்கும் ஒரு முள் உண்டு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்பவர்களையும் 'பிழைக்க வந்தவர்கள்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

எனினும் அதே வேர்ச்சொல்தான் படிவம் விட்டுவிட்டதையும் காட்டுகிறது. உயிர் பிழைத்தவருக்கு அடுத்த கவலை பிழைப்பு. தோட்ட வீடு வேலையோடு கட்டுண்டது. சரிவில் இறங்க முடியாத மகன் கொழுந்துக் காட்டு வேலைக்குப் போக முடியாது. தாய் ஓய்வு பெற்றால் கூரை என்னாகும்? 'வேலை செய்யும் திறனில் நிறைவா?' என்ற வினாவுக்கு இட்ட ஒரு வட்டம் இதையெல்லாம் சொல்லிவிடாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்த குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது 1991இல். குழந்தைப் புற்றுநோயாளரில் குறைந்தது 60 விழுக்காட்டினரை 2030க்குள் பிழைக்கவைப்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்த இலக்கு. எனவே பிழைத்தவர்களும் பெருகுவர், ஆய்வுகளும் பெருகும். திருவனந்தபுரமும் கோயம்புத்தூரும் மதுரையுமாக அலைந்து மருத்துவம் பெற்ற எல்லைப் பிள்ளைகள் அந்த ஆய்வுகளில் வெறும் எண்களாக நுழையப்போகின்றனர். அந்த எண்களை நம்பித்தான் திட்டங்கள் தீட்டப்படும்.

தோழிக்கு 11 வினாக்களைத் திருப்பி அனுப்பியுள்ளேன். ஆய்வுக் காலம் நீளுமே என்று வருந்தினார், நீளட்டும் என்றேன். வண்டிப்பெரியாறு, மறையூர், கொல்லங்கோடு பகுதிகளில் இத்தகைய படிவங்களோடு களத்துக்குச் சென்றவர்கள் இருந்தால், எந்த வினாவில் எதிரே இருந்தவர் தயங்கினார் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மதிப்பெண்கள் வேண்டாம், தயங்கிய இடங்கள் போதும்.