ஏழடிப்பட்டத்தில் எழுந்த ஐயம்

சென்ற விடுமுறையில் நண்பர் சிலருடன் யாம் சித்தன்னவாசல் சென்றிருந்தோம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இக்குன்றிற்குச் செல்வோர், பெரும்பாலும் அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைத் தடாகத்தைக் கண்டு வியந்து மீள்வர். எம்மை ஈர்த்ததோ ஏழடிப்பட்டமென்னும் குகை. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால்வைத்து ஏறவேண்டியிருந்தமையால் இப்பெயர் பெற்றதென்பர். உள்ளே 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் கல்லே தலையணையாக உயர்ந்து நிற்கிறது. ஒரு படுக்கையில், கி.மு. முதல் நூற்றாண்டளவினதாகக் கருதப்பெறும் தமிழ்ப் பிராமி எழுத்துக்களைக் காணலாம்.

அவ்வாண்டுத் தேர்வில் தவறிய நண்பரொருவர் படுக்கையினருகே அமர்ந்து, "இம்முனிவர் கல்லில் கிடந்ததும் விதி, நான் தவறியதும் விதி, இதில் யாவர் செய்தது யாது?" என்றார். யாவரும் நகைத்தோம். ஆயினும் விடை கூறினார் ஒருவருமிலர்.

அவர் அறியாமலே மிகப் பழையதொரு வழக்கைத் தொட்டுவிட்டார். இக்குகையில் உறைந்தோர் சமணரென்பதே பெரும்பான்மையோர் கொள்கை. ஆசீவகரென்று வாதிப்பாரும் உளர். இவ்விருவருள் எவர் கிடந்தனர் என்பதைப் பொறுத்துக் கற்படுக்கையின் பொருளே மாறிவிடும்! பழவினையைத் தன் முயற்சியாற் கழிக்கலாமென்பது சமணம். ஆசீவகரின் ஆசிரியராகிய மற்கலியோ, யாவும் நியதி என்றார். எறிந்த நூலுருண்டை நூல் தீருமளவும் உருண்டோடுதல்போல, அறிவிலியும் அறிஞனும் குறித்த காலம் பிறந்துழன்றே வீடு பெறுவரென்பது அவர் கொள்கையாகப் பௌத்த நூல் கூறும். முயற்சியாற் பயனில்லையென்ற அவ்வாசீவகரே கடுந்தவத்திற் பேர்பெற்றிருந்தனர் என்பது வியப்பன்றோ! தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் இவர்தம் வாதத்தை எடுத்தாராய்கின்றன.

சமணரின் உவாசகதசை என்னும் நூலில் சத்தாலபுத்திரன் என்னும் ஆசீவகக் குயவனின் வரலாறொன்று உளது. வெயிலில் உலர்த்திய பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் ஆயினவோ என மகாவீரர் வினவினார். முயற்சியென்பதே இல்லை, யாவும் நியதி என்றான் குயவன். ஒருவன் இவற்றைத் திருடினாலோ உடைத்தாலோ, நின் மனைவிக்குத் தீங்கிழைத்தாலோ யாது செய்வாய் என்றார். அடிப்பேன், கொல்லவும் செய்வேன் என்றான். நியதியாயின் அவன்மீது குற்றம் ஏது என்றார். குயவன் மனம் மாறினான்.

கதை இனிது; எனினும் இஃது நியதியைப் பொய்யென்று நிறுவவில்லை. குயவன் சிறிது சூழ்ச்சியுடையவனாயின், "என் சினமும் நியதியே" என்று கூறித் தப்பியிருப்பான். கதை காட்டுவது வேறொன்று: பிறரைப் பழிக்கும்பொழுது யாவரும் சமணராகிறோம், நம்மைக் காக்கும்பொழுது ஆசீவகராகிறோம். எம் நண்பரும் முந்திய ஆண்டு தேறியதை விதியென்று உரைத்ததை யாம் கேட்டதில்லை.

மேனாட்டு மனோதத்துவ நூலாரும் இவ்வழக்கை விட்டாரல்லர். மனச்சோர்வால் வருந்திய வில்லியம் ஜேம்ஸ், தன்விருப்பம் உண்டென நம்புவதே தம் தன்விருப்பத்தின் முதற்செயலாகுக என 1870இல் நாட்குறிப்பில் துணிந்தார். ஸ்கின்னரோ, சூழ்நிலையே செயலை உருவாக்குகிறதென 1971இல் நூலெழுதினார். 1983இல் லிபெட் என்பார், விரலசைப்பதற்கு ஏறக்குறைய அரை வினாடி முன்னரே மூளையில் மின்னெழுச்சி தோன்றுவதையும், அசைக்கும் எண்ணம் அதன் பின்னரே உணரப்படுவதையும் அளந்து காட்டினார். அவ்வெழுச்சியை முடிவென்று கொள்ளவேண்டுவதில்லையென 2012இல் ஷூர்கர் முதலியோர் வேறு பொருள் கூறினர். விரலசைவை வைத்து வாழ்க்கையை அளப்பது எமக்கு உடன்பாடன்று.

எம் கருத்து இது: செயலுக்குக் காரணம் உண்டென்பது வேறு, முயற்சி காரணமாகாதென்பது வேறு. முன்னதை ஒப்புகிறோம். மனத்தைக் காரணங்கள் தொடாவெனின் ஆசிரியர் கற்பித்தலும் மாணவர் பயிலுதலும் வீணாகும், கல்லூரியையே மூடிவிடலாம்! பின்னதை மறுக்கிறோம். பயிற்சி மூளையை மாற்றுமெனின் பயிற்சியும் காரணங்களுள் ஒன்றன்றோ?

ஆனால் நியதிவாதியிடம் நாம் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. அமைதியான அறையும் புத்தகமும் வாய்த்த மாணவன் ஒருவன். மாலையிற் கடையில் வேலை செய்து இரவிற் படிப்பவன் மற்றொருவன். இருவர் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்து, முன்னவனை ஊக்கமுடையோன், பின்னவனைச் சோம்பேறி என்கிறோம். அங்கே மட்டும் விதியை நாம் நினைப்பதில்லை. எம் நண்பரும் கடையில் வேலை செய்பவரே என்பதை அன்று குகையில் நகைத்த எம்மில் ஒருவரும் எண்ணவில்லை.

அவர் இப்பொழுது மறுதேர்விற்குப் படித்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரரிடம் கேட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார். இதுவும் விதியே என்கிறார். யாம் மறுப்பதில்லை, எம் குறிப்பேடுகளைக் கொடுத்திருக்கிறோம்.