கணினி நிலக்காட்சியும் சக ஓவியர் சொல்லும்: சில மறுப்புகள்

கணினியில் வரையப்படும் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து இரண்டு ஏளனங்கள் தவறாமல் வருகின்றன. அது ஓவியமே அன்று, பொத்தான் விளையாட்டு என்பது ஒன்று. அரைகுறையாக இருக்கும்போதே நாலு பேரிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி மாற்றி மாற்றி முடிக்கும் படத்தில் கலைஞன் எங்கே இருக்கிறான் என்பது மற்றொன்று.

முதல் ஏளனத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. டேவிட் ஹாக்னி 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில், வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வந்திறங்குவதை ஐபேடில் வரைந்தார். அவற்றுள் 51 படங்கள், 32 கித்தான்களால் ஆன பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றோடு சேர்ந்து ஒரே படைப்பாக 2012இல் லண்டன் ராயல் அகாதெமியில் வைக்கப்பட்டன. திரையில் வரைந்தாலும் கித்தானில் வரைந்தாலும் அந்த மரங்களைப் பார்த்தது ஒரே கண்தான். ஒரு வரிக் கட்டளைக்குப் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு வேறொரு நாள் பதில் சொல்லலாம்.

இரண்டாவது ஏளனம்தான் நம்மை எழுதத் தூண்டியது. அதைச் சொல்கிறவர்கள் தமிழ் படித்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. தொல்காப்பியமே அதங்கோட்டாசான் என்னும் புலவர் கேட்க அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்ற சொல்லை நாம் இன்று பொன்னாடைக்கும் பூமாலைக்கும் உரியதாக்கிவிட்டோம்; குற்றம் கேட்க அஞ்சாதவன் வந்து நிற்கும் இடம் அது. ஓவியத்திலும் இதுவே வழக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிறர் சொல்வதைக் கேள் என்றும், படத்தைக் கண்ணாடியில் பார், அப்போது அது வேறொருவர் படம்போல் தெரியும் என்றும் தம் குறிப்புகளில் அறிவுறுத்தியவர் லியோனார்டோ டாவின்சி. இன்று கணினி ஓவியர் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் வசதி அந்தக் கண்ணாடிதான். 1870களில் பொந்துவாசிலும் ஓவேரிலும் பிஸ்ஸாரோவின் அருகிருந்து வரைந்த செசான், அவருடைய லூவ்சியென் காட்சி ஒன்றைப் பார்த்துப் பிரதியே எடுத்தார். இருண்டு கிடந்த அவர் வண்ணங்கள் வெளிச்சம் கண்டது அக்காலத்தில்தான். 1906இல்கூடக் கண்காட்சிப் பட்டியலில் தம்மைப் பிஸ்ஸாரோவின் மாணவர் என்றே குறித்துக்கொண்டார். செசானிடம் போய்க் கலைஞன் எங்கே என்று கேட்பார்களா நம் நண்பர்கள்?

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எதுவும் விளங்காது. ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த இளம் ஓவியர் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியைக் கணினியில் வரைந்தார். இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல்மேடுகள், பனைகள், ஆடிமாதக் காற்று, உச்சிவெயில். முதலில் சாம்பலின் மூன்று சாயல்களில் மட்டும் படத்தை அமைத்து, சக ஓவியர் நால்வரிடம் காட்டினார். பாதிப் படத்தை வானம் தின்றுவிட்டது, கண் மேலே போனால் இறங்கி வர வழியில்லை என்றார் ஒருவர். தொடுவானம் உயர்ந்தது, மணல் பெருகியது. அடுத்த முறை, பனைகள் ஒரே உயரத்தில் ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்கின்றன என்றனர்; அதுவும் சரியாயிற்று. மூன்றாம் முறை வந்ததுதான் கூர்மையானது. பனையின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கிறது, மணல்மேட்டின் நிழலோ மாலைநேர நிழலாக நீண்டிருக்கிறது, உங்கள் படத்தில் எத்தனை சூரியன்கள் என்று கேட்டார் இன்னொருவர். ஓவியர் இரண்டு நாள் உழைத்த ஓர் அடுக்கை முழுவதுமாக நீக்கினார். வரைந்த கண் வரைந்ததையே பார்த்துப் பழகிவிடுகிறது. பழகாத கண் ஒன்று வேண்டியிருக்கிறது. இதில் இழிவென்ன?

ஆயினும் சக ஓவியர் சொல் எல்லாம் வேதமன்று. தொலைவில் இருப்பது நீலமாக வேண்டும், உங்கள் தொலைப்பனைகள் பழுப்பாக இருக்கின்றன என்றார் ஒருவர். நூல்களில் உள்ள விதிதான் அது. இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலைகள் நீலம் கொள்கின்றன. ஆனால் தேரியில் காற்றோடு செம்மணல் தூசியும் எழும்புகிறதே! அங்கே தொலைவு வெளிறிய காவியாகத்தான் கரையும். விதியைச் சொன்னவர் தேரியைப் பார்த்ததில்லை. ஓவியர் மாற்ற மறுத்தார். நாமும் மறுத்திருப்போம்.

நாலாமவர் செய்ததுதான் நமக்குக் கோபமூட்டியது. அவர் கருத்துச் சொல்லவில்லை. படத்தின் நகலை வாங்கி, அதன் மேலேயே தாம் வரைந்து அனுப்பினார். வெறுமையாக விட்டிருந்த நடுவிடத்தில் ஒரு பனையேறி நிற்கிறார்! கண் தங்க ஓர் இடம் வேண்டுமாம். மேல்வரைதல் என்னும் இவ்வழக்கம் கணினி ஓவியர்களிடையே மலிந்துவிட்டது. உதவி என்று இதற்குப் பெயர். நிழல் எங்கே பிழைத்தது என்று கோடிட்டுக் காட்டுவது வேறு, அடுத்தவர் வீட்டில் தம் ஆளைக் குடிவைப்பது வேறு.

நம் அகப்பொருள் மரபு இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் மாந்தர் தொழிலும் கருப்பொருள். இவற்றின் வழியே சொல்லப்படும் மனநிலை உரிப்பொருள். உச்சிப்பொழுதின் நிழல் பிழைத்தால், பனை பனையாக இல்லாவிட்டால், சக ஓவியர் தாராளமாகச் சண்டை போடலாம். உரிப்பொருள் மட்டும் வரைகிறவருக்குரியது. அந்த வெறுமைதான் அப்படத்தின் உரிப்பொருள். பனையேறத் தெரிந்தவர்கள் வேறு தொழில் தேடிப் போய்விட்ட ஊர் அது. ஆளை நிறுத்திய கணத்தில் படம் நாட்காட்டிப் படமாகிவிட்டது.

வேண்டியபடி மாற்றச் சொல்லும் குரல் புதிதன்று. சாலிஸ்பரி பேராலயத்தை 1823இல் கான்ஸ்டபிள் வரைந்தபோது, அதைக் கேட்டு வாங்கிய ஆயருக்குக் கோபுரத்தின் பின்னால் இருந்த கருமேகம் பிடிக்கவில்லை. வெயில் வானத்தோடு பின்னர் மற்றொரு படம் எழுந்தது. எண்ணெய் வண்ணத்தில் ஒரு வானத்தை மாற்றப் பல நாள் உழைப்பும் ஒரு கித்தானும் வேண்டும். மாற்றத்தான் வேண்டுமா என்று யோசிக்க அந்த நாட்களே இடம் கொடுத்தன. கணினியில் ஓர் அடுக்கை மறைத்து மற்றொன்றைத் திறக்க ஒரு நொடி போதும். பணிந்து போவதற்கு இங்கே செலவே இல்லை. கணினி ஓவியத்தைக் குறை சொல்ல விரும்பும் நண்பர்கள் பொத்தானை விட்டுவிட்டு இந்த இடத்தைப் பிடித்திருந்தால் நாமும் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருப்போம்.

அவர்களோ தம் கவிதை அச்சேறும்வரை ஒருவருக்கும் காட்டுவதில்லை. அச்சேறியபின் ‘அருமை’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் ஆறு மாதம் முகம் கொடுப்பதில்லை. அந்தத் தேரிப் படம் எட்டு முறை காட்டப்பட்டு, எட்டு முறை திட்டு வாங்கி முடிந்தது. பனையேறி அதில் இல்லை. தொலைப்பனைகள் இன்னும் பழுப்புதான். நீலம் கேட்டவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த படத்தையும் முதலில் அவரிடம்தான் காட்டப்போவதாகச் சொல்கிறார் ஓவியர்.