கல்கத்தா சுரங்க ரயிலும் பௌபஜார் வீடுகளும்

கொல்கத்தா என்று இப்போது பெயர் வழங்கும் கல்கத்தா நகரத்தில், 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதியன்று, எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடையே விட்டுப்போயிருந்த சுரங்கப் பகுதி திறந்துவைக்கப்பட்டது. அதனுடன், ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள ஹௌரா மைதானத்திலிருந்து கிழக்கே சால்ட் லேக் ஐந்தாவது செக்டார் வரை 16.6 கிலோமீட்டர் தூரமுள்ள ரயில் பாதை முழுமை பெற்றது. இதில் 10.8 கிலோமீட்டர் பூமிக்கு அடியிலேயே செல்லுகிறது. 2009-ம் வருஷம் பிப்ரவரியில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்ட வேலை முடிவதற்குப் பதினாறு வருஷங்களுக்கு மேல் சென்றன. இந்தத் தாமதத்தை ஒருவரும் மெச்சமாட்டார்கள். ஆயினும் ரயில் ஓடத் தொடங்கியதைக் குறித்து நாம் மனப்பூர்வமாகச் சந்தோஷமடைகிறோம். ஆனால், அந்த ரயில் செல்லும் சுரங்கத்துக்கு மேலே பௌபஜார்ச் சந்துகளில் வீடிழந்தவர்களின் கணக்குத் தீராமல் இருக்கையில், வேலை முடிந்துவிட்டது என்று பேசுவது நியாயமாகுமா என்பதையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். ஹௌராவும் சியால்தாவும் இந்தியாவின் மிகப் பெரிய ரயில்வே ஸ்டேஷன்களில் இரண்டு. ஒன்று நதிக்கு அப்புறம், மற்றொன்று இப்புறம். இடையே கல்கத்தாவின் நெருக்கம் மிகுந்த வீதிகள். பீஹாரிலிருந்தோ ஒரிஸ்ஸாவிலிருந்தோ ஹௌராவில் வந்திறங்கி, வடக்கு வங்காளத்துக்கோ அஸ்ஸாமுக்கோ போகச் சியால்தாவில் வண்டியேற வேண்டிய ஏழைப் பிரயாணி, மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தவிப்பது சாதாரண விஷயம். 1874-ல் கட்டிய மிதவைப் பாலமும், 1943-ல் அதற்குப் பதிலாக வந்த எஃகுப் பாலமும் அந்தக் கூட்டத்தைச் சுமந்து வந்தன. இன்று அதே தூரத்தைச் சுரங்க ரயில் கால் மணிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது. நதிக்கு அடியில் செல்வது முக்கால் நிமிஷந்தான். காரில் போகிறவர்களுக்காகப் பாலத்துக்குமேல் பாலமாகக் கட்டிவரும் இக்காலத்தில், காரில்லாதவர்களுக்கென்று இத்தனை பெரிய வேலை ஒன்று நடந்திருப்பது பாராட்டத் தக்கதே.

இந்த யோசனை புதிதன்று. 1921-ம் வருஷத்திலேயே ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற ஆங்கில என்ஜினீயர், ஹௌராவையும் கல்கத்தாவின் கிழக்குப் பகுதியையும் நதிக்கடியில் சுரங்க ரயிலால் இணைக்கும் திட்டம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். லண்டன் நகரத்தில் பூமிக்கடியில் ரயில் ஓடத் தொடங்கியது 1863-ல். கல்கத்தாவின் திட்டமோ, பணமில்லை என்ற காரணத்தால் காகிதத்திலேயே நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த பத்து வருஷங்களுக்குள் அதே என்ஜினீயரின் மேற்பார்வையில் ஹூக்ளிக்கு அடியில் ஒரு சுரங்கம் வெட்டப்படத்தான் செய்தது. அது மின்சாரக் கம்பெனியின் கம்பிகள் செல்வதற்காக! கம்பிகளுக்குக் கிடைத்த வழி ஜனங்களுக்குக் கிடைக்க, 2024-ம் வருஷம் மார்ச்சு மாதம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு கல்கத்தாதான் இந்நாட்டின் முதல் சுரங்க ரயிலைக் கண்டது. வடக்குத் தெற்காகச் செல்லும் அந்தப் பாதைக்கு 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அஸ்திவாரமிட்டார். 1984 அக்டோபர் 24-ந் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் திறக்கப்பட்டது. டம்டமிலிருந்து டாலிகஞ்ச் வரை பூர்த்தியாக 1995 ஆயிற்று. அதைப் பெரும்பாலும் தெருவை வெட்டித் திறந்து, பெட்டி போல் கட்டி, மறுபடியும் மூடும் முறையிலேயே கட்டினார்கள். சௌரிங்கியில் வருஷக் கணக்காகப் பள்ளமும் சேறுமாக இருந்ததைக் கல்கத்தாவாசிகள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கஷ்டம் கண்ணுக்குத் தெரிந்த கஷ்டம். வெட்டுவது எங்கே, ஆபத்து எங்கே என்பது தெருவில் போகும் எவருக்கும் விளங்கியது.

இப்போதைய முறை வேறு. பெரிய உருளை போன்ற யந்திரம் பூமிக்குள் இறங்கி, முகப்பால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே, பின்புறம் கான்கிரீட் வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திக்கொண்டு ஊர்ந்து செல்லுகிறது. முன்னே உள்ள மண்ணையும் நீரையும் எதிர்த்து அழுத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த அழுத்தம் குறைந்தாலோ, எங்காவது கசிவு ஏற்பட்டாலோ, நீரோடு மணலும் உள்ளே புகுந்துவிடும். மேலேயுள்ள நிலம் அடியற்றுப்போகும். கல்கத்தா நின்றிருப்பது கங்கை கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணின்மேல் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். எல்லாரும் அஞ்சியது நதியைக் கண்டு. 2017-ம் வருஷத்தில் இரண்டு யந்திரங்கள், நதிப்படுகைக்குச் சுமார் 13 மீட்டர் ஆழத்தில், 520 மீட்டர் அகலமுள்ள ஹூக்ளியைப் பழுதின்றிக் கடந்து வந்தன. நம் என்ஜினீயர்களும் தொழிலாளிகளும் அதற்காக எவ்வளவு பெருமை கொண்டாலும் தகும். ஆபத்து வந்தது நதியிலன்று, ஊருக்கு நடுவிலே.

2019 ஆகஸ்டு 31-ந் தேதி, எஸ்பிளனேடிலிருந்து சியால்தா நோக்கிச் சென்றுகொண்டிருந்த யந்திரம் ஒன்று பௌபஜாருக்கு அடியில் நீரூற்றுப் படிவம் ஒன்றைக் குத்திவிட்டது. நீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே துர்கா பிதுரி சந்திலும் ஸ்யாக்ரா பாடா சந்திலும் வீடுகள் விரிசல் கண்டன. சில தரைமட்டமாகவே சரிந்தன. நூற்றுக்கணக்கான ஜனங்கள் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டு ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டார்கள். உயிர்ச்சேதம் நேராமற் போனது தெய்வாதீனம். ஸ்யாக்ரா என்றால் வங்காளியில் தட்டார் என்று பொருள். அது பொற்கொல்லர்கள் வாழும் வட்டாரம். வீட்டின் கீழறையில் உலையும் பட்டறையும் வைத்து, மாடியில் குடித்தனம் நடத்தும் குடும்பங்களுக்கு வீடு போனது என்றால் பிழைப்பும் போனது என்றே அர்த்தம். 1947-க்குப் பின் கிழக்கு வங்காளத்து அகதிகள் சியால்தா ஸ்டேஷன் மேடையிலேயே அடுப்பு மூட்டிக் குடியிருந்ததைப் பார்த்த நகரம் கல்கத்தா. வீடற்றுப் போவது என்றால் என்ன என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒருமுறை நேர்ந்தால் விபத்து என்று சொல்லலாம். 2022 மே மாதத்தில், எஞ்சிய வேலைகளின்போது, அதே இடத்தில் மறுபடியும் நீர் கசிந்து வீடுகள் விரிசல் கண்டன. அவ்வருஷம் அக்டோபரில் மூன்றாந்தடவையும் அவ்வாறே ஆயிற்று. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கிழவர்களும் குழந்தைகளும் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் அளித்தார்கள் என்பதையும், இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டித் தருவதாக வாக்களித்தார்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் வாத்தியம் முழங்க ரயில் ஓடத் தொடங்கிய நாளிலும் அவர்களில் பலர் வாடகை வீடுகளிலேயே இருந்தார்கள். ஆறு வருஷங்கள்! ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் காலம் அது.

பொது நன்மைக்காகச் சிலர் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சிலரில் தாங்களும் ஒருவராயிருந்து அவர்கள் இப்படிச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நகரம் முழுவதற்கும் நன்மை தரும் வேலையென்றால், அதன் நஷ்டத்தையும் நகரம் முழுவதுமே தாங்க வேண்டும். இரண்டு சந்துகளின் தலையில் கட்டிவிட்டுப் போவது எந்தக் கணக்கு? பணமில்லை என்ற 1921-ம் வருஷத்துப் பதிலை இன்று சொல்லவும் இயலாது. முதலில் 4,874 கோடி ரூபாய் என்று போடப்பட்ட திட்டச் செலவு, 2020 அக்டோபரில் மத்திய மந்திரிசபையால் 8,575 கோடியாக உயர்த்தி அங்கீகரிக்கப்பட்டது. இத்தனை கோடிக்கு இடமளித்த கணக்குப் புத்தகத்தில், பௌபஜார் வீடுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது பெரிய காரியமா?

முன்ஜாக்கிரதை சாத்தியமில்லை என்ற சமாதானமும் செல்லாது. இதே பாதையில், பிரபோர்ன் ரோடு பக்கத்திலுள்ள பழமையான யூத ஆலயங்களுக்கும் கரன்ஸி கட்டடத்துக்கும் அருகே சுரங்கம் செல்ல வேண்டியிருந்தது. புராதனச் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டட வேலை கூடாதென்று சட்டம் தடுத்ததால், மேலிடத்து அநுமதி பெற்று, மிகுந்த கவனத்துடன் வேலை நடந்தது. அங்கே பழுதடைந்த வீடுகளில் இருந்தவர்களை யந்திரம் கடந்துபோகும் வரை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றினார்கள். அது மிகவும் சரியே. பழங்காலக் கற்களுக்கு ஒரு சட்டம் காவல் நிற்கும்போது, உயிருள்ள ஜனங்கள் உறங்கும் நூறு வருஷத்துச் செங்கல் வீட்டுக்கு அதில் பாதிக் காவலாவது வேண்டாமா என்றே நாம் கேட்கிறோம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதிகாரிகள் அதைப் பேச விரும்புவதில்லை. பௌபஜார் போன்ற பழைய வட்டாரங்களில் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருப்பவர்கள் அவர்களைவிடப் பலர். ஒரு மூலையில் உலை வைத்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது. பத்திரம் உள்ளவனுக்கே நஷ்ட ஈடு என்று விதி வைத்தால், அதிகம் இழந்தவன் ஒன்றும் பெறாமல் போவான். வீட்டைக் கட்டுவது என்ஜினீயரின் வேலை. அதில் முன்பு யார் யார் இருந்தார்கள் என்பதைக் குறித்துவைத்து, அவரவரை அவரவர் அறையில் திரும்பச் சேர்ப்பது சர்க்காரின் வேலை. இரண்டாவதுதான் கடினம். அதனாலேயே அது பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

கல்கத்தாவின் விஷயத்தில் நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நம் வாசகர்கள் கேட்கமாட்டார்கள் என நம்புகிறோம். சென்னையிலும் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாங்கட்ட ரயில் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி பூமிக்கடியில். அங்கே இறங்கும் யந்திரங்களும் இதே ஜாதியைச் சேர்ந்தவை. யந்திரம் ஒரு தெருவுக்கு அடியில் செல்லுமுன் அத்தெருவின் ஒவ்வொரு வீட்டையும் பரிசோதித்து, சுவரிலுள்ள விரிசல்களைக் குறித்து, அந்தக் குறிப்பின் பிரதியொன்றை வீட்டுக்காரர் கையிலும் குடியிருப்பவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பிற்பாடு, 'இது பழைய விரிசல்' என்று ஒருவரும் தட்டிக் கழிக்க முடியாது. நஷ்ட ஈட்டுக்கான பணத்தையும் வேலை தொடங்குமுன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவது நலம். விபத்து நேர்ந்த பிறகு கண்டிராக்டருக்கும் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் இடையே பொறுப்பைப் பந்தாடிக்கொண்டிருப்பதை வீடிழந்தவன் ஹோட்டல் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

பௌபஜாரைப் பொறுத்தமட்டில் நமது கோரிக்கை சிறியது. இடிக்கப்பட்ட வீடுகளில் எது எந்த மாதத்தில் கட்டி முடிக்கப்படும், எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தளம், பட்டறை வைத்திருந்தவருக்கு எந்த அறை என்பதை அதிகாரிகள் வங்காளி பாஷையில் எழுதி, அந்தச் சந்துகளின் முனையில் ஒட்டவேண்டும். இன்னும் சாவி பெறாத குடும்பம் ஒன்று இருக்கும்வரையிலும், வாடகைப் பணத்தை ஒரு மாதமும் தவறாமல் கொடுத்துவர வேண்டும்.