தராசுக்கு முத்திரை... சாஃப்ட்வேருக்கு?

பாலக்கோட்டில் தக்காளி விற்பவரின் எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் அரசாங்க முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு, அபராதம். யார் மேல்? கடைக்காரர் மேல். தக்காளி மேல் இல்லை!

இந்த நியாயம் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடுகிறது. சாயங்காலம் கணக்கு முடிக்கையில் ஐந்நூறு ரூபாய் இடித்தால், "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா... நீதான் எங்கியோ விட்டிருக்கே. கைக்காசைப் போட்டுக் கட்டிடு!" என்பார் மானேஜர். கேஷியரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்.

ஐந்நூறோடு போனால் தேவலை. இங்கிலாந்தில் ஜெயில் வரை போனது, ஸார்!

அங்கே அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனம், 1999-லிருந்து கிளைகளில் 'ஹொரைசன்' என்ற சாஃப்ட்வேரை வைத்தது. கொடுத்தது ஃபுஜிட்ஸு கம்பெனி. கிளைகளை நடத்தியவர்கள் பாதிக்கு மேல் நம் அண்ணாச்சி மாதிரி... ஒரு பக்கம் மளிகை, இன்னொரு பக்கம் தபால் கவுன்ட்டர். பெட்டியில் காசு சரியாக இருக்கும். ஹொரைசன் 'துண்டு விழுகிறது' என்று சொல்லும். அவ்வளவுதான்! சேமிப்பைத் துடைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் கோர்ட்டில் நின்றார்கள். 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் ஆனார்கள். அதில் பெரும்பாலான வழக்கைப் போட்டது போலீஸ்கூட இல்லை, தபால் நிறுவனமேதான். புகாரும் அவர்களே, துப்பறிவதும் அவர்களே!

சீமா மிஸ்ரா என்ற இந்தியப் பெண்மணி 74,000 பவுண்டைத் திருடிவிட்டார் என்று 2010-ல் சிறைக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. அன்றைக்கு மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். 'தப்பு செய்யாதவர்' என்று கோர்ட் ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளைக்காரர் விடவில்லை. 555 பேரைத் திரட்டி வழக்குப் போட்டார். ஹொரைசனில் பிழைகள் உண்டு என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2024-ல் தனிச் சட்டமே போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

சரி, மேலிடம்? சாஃப்ட்வேர் தப்பு செய்யும் என்று அங்கே சில பெரிய தலைகளுக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்றும் சொல்கிறது. 2012 முதல் 2019 வரை தலைமைப் பதவியில் இருந்த பாலா வென்னல்ஸுக்கு 2019-ல் அரச விருது கிடைத்தது. 2024-ல் அது பறிபோயிற்று. அறிக்கை வந்த நாள் வரை, மேலிடத்து ஆசாமி ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை!

"அது வெள்ளைக்காரன் ஊர்ப்பா" என்கிறீர்களா? நம்ம நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1-லிருந்து செல்போன் ஆப்பில்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. சிக்னல் இல்லையா, ஸர்வர் படுத்துவிட்டதா... மண் சுமந்தது நிஜம், கூலி போச்சு! பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் உட்கார்ந்தே விட்டார்கள். ஆப் வைத்த ஆப்புக்கு யாருடைய சட்டையைப் பிடிப்பது?

பெயர் போட்ட கையெழுத்து ஒன்று இருந்தால் பிடிக்கலாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டப்படி, கம்ப்யூட்டர் கணக்கைக் கோர்ட்டில் காட்டினால் அதன் பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். நீதிபதிக்கே அது வேண்டுமென்றால், ஏழைக் கேஷியருக்கு வேண்டாமா? ஊழியரின் அலட்சியத்தால்தான் நஷ்டம் என்றால் மட்டுமே, அதுவும் அவர் பதிலைக் கேட்ட பிறகே, பிடித்தம் செய்யலாம் என்று சம்பளச் சட்டமும் சொல்கிறது.

ஆகவே தம்பிகளே, கணக்கு இடிக்கும் அன்றைக்கே திரையைப் போட்டோ எடுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம் பணிவாக, "ஸார், சாஃப்ட்வேரில் தப்பில்லை, இருந்தால் நான் பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உடனே கட்டிடறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

மானேஜருக்கு அப்போதுதான் ஒரு அவசர மீட்டிங் ஞாபகம் வரும்!